தேங்காய் எண்ணெய் போடலாமா? – ஷாட்கன் கேள்வி-பதில்

போன இதழில் ட்ராப் ஷூட்டிங் பற்றி எழுதியிருந்தேன். எதிரே பள்ளத்திலிருந்து மெஷின் வீசும் தட்டை ஆகாயத்திலேயே சுட்டு நொறுக்கும் விளையாட்டு அது. (கிளே என்று பெயர்தான், களிமண் துளிகூடக் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து வார்த்த 11 சென்டிமீட்டர் தட்டு.) எப்படிச் சுடுவது என்று கேட்டு வந்த கடிதங்கள் கொஞ்சம்தான். மீதி எல்லாம் வாங்கி வைத்திருக்கும் துப்பாக்கியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் கேட்கின்றன. ஒரு நல்ல கார் விலைக்கு வரும் பொருள், கவலை நியாயமானதே.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ள எதைச் செய்து பார்ப்பதாக இருந்தாலும், துப்பாக்கியைத் திறந்து இரண்டு பேரலும் காலி என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். "நேற்று நான்தானே காலி பண்ணி வைத்தேன்" என்பதெல்லாம் கணக்கில் வராது.

கேள்வி (கோவை): சார், ஓய்வு பெற்ற ஷூட்டர் ஒருவரிடமிருந்து பெராட்ஸி எம்எக்ஸ்8 ஒன்று விலைக்கு வருகிறது. நிறையச் சுட்ட துப்பாக்கி. ஆனால் "புதுசு மாதிரி இருக்கும்" என்கிறார். எதைப் பார்த்து நம்புவது?

பதில்: "புதுசு மாதிரி" என்றாலே கொஞ்சம் உஷாராகிவிடுங்கள். பாலிஷ் போட்டால் எதுவும் புதுசு மாதிரிதான் இருக்கும். நிறையச் சுட்டது என்பதற்காகவும் பயப்பட வேண்டாம். டானியேலே பெராட்ஸி 1957-இல் இத்தாலியின் பிரெஷாவில் தொடங்கிய கம்பெனி அது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் எனியோ மத்தரெல்லி ட்ராப் தங்கம் வென்றது அவருடைய துப்பாக்கியால். அந்த மத்தரெல்லியோடு உட்கார்ந்து 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்காக உருவாக்கியதுதான் எம்எக்ஸ்8, பெயரிலேயே மெக்சிகோ இருக்கிறது. அடிப்படை வடிவம் இன்றுவரை அதேதான். அதனால் நாற்பது வயதுத் துப்பாக்கி என்றாலும் பாகம் கிடைக்காமல் திண்டாட வேண்டியதில்லை. லட்சம் தோட்டா தாண்டியும் கல்லு மாதிரி இருக்கும் துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன். வெறும் ஐயாயிரம் சுட்டு, கவனிப்பாரில்லாமல் கெட்டுப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

நேரில் போனால் முதலில் மேல்பக்க லீவரைப் பாருங்கள். துப்பாக்கியை மூடி, சுடுவதுபோலப் பின்னாலிருந்து பார்த்தால், புதுத் துப்பாக்கியில் அந்த லீவர் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக நிற்கும். உள்ளே பூட்டு தேயத் தேய அது நடுவுக்கு வரும், அப்புறம் இடப்பக்கம் தாண்டும். நடுவில் நின்றால் ஒன்றும் மோசமில்லை. இடது பக்கம் போயிருந்தால் கன்ஸ்மித்துக்கு வேலை இருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

அடுத்து ஃபோர்எண்டைக் கழற்றிவிட்டு – இடது கை பிடிக்கும் அந்த முன்கட்டையைத்தான் சொல்கிறேன் – துப்பாக்கியை மூடிய நிலையில் பேரலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஃபோர்எண்டோடு ஆட்டினால் தேய்மானம் தெரியாது, அது பேரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உண்மையை மறைத்துவிடும். விற்கிறவர்கள் அதைக் கழற்றாமலே ஆட்டிக் காட்டுவார்கள்! லேசாக "டக் டக்" என்று கையில் உணர்ந்தாலே ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பேரலின் பின்முகமும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்றும் பாருங்கள். எனக்குத் தொழில் காட்டிக்கொடுத்த பெரியவர் ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கின் கரியை பேரலின் பின்முகத்தில் பிடித்துவிட்டு, மூடித் திறந்து, கரி எங்கே ஒட்டியிருக்கிறது எங்கே ஒட்டவில்லை என்று பார்த்தே பொருத்தத்தைச் சொல்லிவிடுவார். இன்றைக்கும் பெரிய பட்டறைகளில் கடைசிப் பொருத்தம் பார்ப்பது இந்தக் கரியை வைத்துத்தான்.

பிறகு பேரலைத் தனியாக எடுத்து, பின்முனைக் கொக்கியை ஒரு விரலில் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள். கோயில் மணி மாதிரி "ணங்" என்று இழுத்து ஒலித்தால் நல்லது. உடைந்த பானையைத் தட்டினாற்போலச் சத்தம் வந்தால் மேலே இருக்கும் ரிப்போ (பேரல் மேல் நீளமாக ஓடும் பட்டை) பக்கத் தகடோ எங்கோ ஈயப்பற்று விட்டிருக்கிறது. அதே பேரலை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி உள்ளே பாருங்கள். வளையம் வளையமாக வெளிச்சம் விழும். அந்த வளையம் ஓர் இடத்தில் நெளிந்தால் அங்கே நசுங்கல் இருக்கிறது, கறுப்பு வளையமாகத் தடித்துத் தெரிந்தால் உப்பல். நசுங்கலை நல்ல கன்ஸ்மித் உள்ளிருந்து தள்ளி எடுத்துவிடுவார், அதுவரை சுடக் கூடாது. உப்பலாக இருந்தால் "நன்றி, வணக்கம்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். இதைத்தான் நான் மிகவும் நம்புவேன். பிளவுகள் சிதையாமல் ஒரே திசையில் நிற்கின்றனவா, இல்லை யாரோ வீட்டு ஸ்க்ரூடிரைவரால் நோண்டிய தழும்பு இருக்கிறதா? தழும்பு இருந்தால் உள்ளேயும் அந்தக் கை போயிருக்கிறது.

(பணம் கொடுப்பதற்கு முன் லைசென்ஸில் ஏற்றுவதற்கான அனுமதி கையில் இருக்கட்டும். கைமாற்றிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே கூடாது.)

கேள்வி (திருவான்மியூர்): கடல் காற்று. எவ்வளவு துடைத்தாலும் மாதம் ஒரு துரு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள், திரும்பி வரும்போது அழுகை வருகிறது. என்ன செய்ய?

பதில்: என் கதையையே சொல்கிறேன். ஒரு தேர்தலுக்கு ஒப்படைத்த என் துப்பாக்கி இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. உறையைத் திறந்தால் பேரல் மேல் நாலு விரல் ரேகை, அச்சுக் குத்தினாற்போல ஆரஞ்சு நிறத் துருவாக! ஒப்படைத்த அன்று பட்டியலில் எண்ணைச் சரிபார்க்க யாரோ வியர்வைக் கையால் பிடித்துத் தூக்கியிருக்கிறார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அது எண் போட்ட ஒரு பொருள். எண்ணைச் சரிபார்த்த கையோடு அங்கேயே ஒரு எண்ணெய்த் துணியால் நான் துடைத்து மூடியிருக்க வேண்டும், அவசரத்தில் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. ஒப்படைக்கும் முன் பேரல் உள்ளும் வெளியும் துரு தடுக்கும் எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே தடவி – இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும்தான் தாராளம் – மெஷின் பாகங்கள் சுற்றி வரும் துரு தடுக்கும் காகிதத்தில் சுற்றி, புதிதாகச் சூடாக்கிக் காயவைத்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு ஒப்படைக்கிறேன். எண் பொறித்த இடம் மட்டும் காகிதத்தைப் பிரிக்காமலே தெரிகிறாற்போல ஒரு ஜன்னல் வெட்டி விட்டுவிடுவேன். தூக்கிப் பார்க்கிறவருக்கும் வேலை மிச்சம். போட்டிகளுக்குப் போகும் ஷூட்டராக இருந்தால் ஒப்படைப்பிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. சங்கச் சான்றுகளோடு முன்கூட்டியே கேளுங்கள், தேதி அறிவித்த பிறகு ஓடினால் யாருக்கும் நேரம் இருக்காது.

வீட்டில் வைப்பதற்கு: பஞ்சு உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு துப்பாக்கிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். உறை, பெட்டி எல்லாம் பயணத்துக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துத் துடைத்து, இரும்பு அலமாரியில் காற்றுப் படும்படி, பேரல் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி நிற்க வையுங்கள். ஏன் கீழ்நோக்கி என்பது அடுத்த பதிலில்.

கேள்வி (திருச்சி): எந்த எண்ணெய்? எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும். நண்பர் டபிள்யூடி-40 என்கிறார். இன்னொருவர் தையல் மெஷின் எண்ணெய் போதும் என்கிறார்.

பதில்: தேங்காய் எண்ணெய் தலைக்கு. துப்பாக்கிக்குள் போனால் கொஞ்ச நாளில் பிசுபிசுத்து, புழுதியைப் பிடித்துக்கொண்டு, பழைய இட்லித் தட்டில் படியும் பிசுக்கு மாதிரி ஆகிவிடும். மார்கழியில் டெல்லியில் போட்டி என்றால் உறைந்தே போகும். உங்கள் நண்பர் சொன்னது நனைந்த உலோகத்திலிருந்து தண்ணீரை விரட்டப் பயன்படும், அதற்கு நல்லதுதான். விரட்டிய பிறகு துடைத்துவிட்டு வேறு எண்ணெய் போட வேண்டும், அதையே எண்ணெய் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டால் ட்ரிகர் பாகங்களில் மஞ்சள் வார்னிஷ் மாதிரிப் படியும். மூன்றில் கெட்டிக்காரர் அந்தத் தையல் மெஷின் ஆள்தான். அது சுத்தமான, மெல்லிய, மணமில்லாத எண்ணெய். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காத ஊரில் இது தாராளமாகப் போதும்.

ஆனால் எது என்பதைவிட எவ்வளவு என்பதுதான் பெரிய விஷயம். நான் பார்த்த கெட்டுப்போன துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் எண்ணெய் இல்லாமல் கெட்டவை அல்ல, எண்ணெய் கூடிக் கெட்டவை. லீவர் இடுக்கில் ஒரு சொட்டு, சுற்றி வர ஒரு சொட்டு, பாசமாக இன்னும் ஒரு சொட்டு என்று விட்டுவிட்டு, பேரல் மேல்நோக்கி இருக்க அலமாரியில் நிறுத்தி வைக்கிறோம். அந்த எண்ணெய் எல்லாம் மெதுவாக இறங்கி ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் பின்கட்டை) கழுத்தில், மரமும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் ஊறுகிறது. வருடக்கணக்கில் ஊறிய வால்நட் மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் குழிகிற அளவுக்கு மென்மையாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு வெடிக்கும் ஃப்ரேம் பின்னால் உதைக்க, மரம் அமுங்கி, கழுத்தில் மயிரிழை விரிசல் விடும். அந்த மரத்தின் விலையைக் கேட்டால் தெரியும் வேதனை. அதனால்தான் வாய் கீழ்நோக்கி நிற்க வேண்டும் என்றேன். எண்ணெய் இறங்கினாலும் தரைக்குத்தானே போகும், கீழே ஒரு பழைய துணி போடுங்கள்.

எண்ணெயே வேண்டாத, கிரீஸ் மட்டும் வேண்டிய இடங்களும் உண்டு. பேரல் எதன் மேல் திரும்புகிறதோ அந்த இரண்டு பக்கக் குமிழ்கள், பேரலின் கொக்கிகள், ஃபோர்எண்டின் வளைந்த இரும்பு. இங்கெல்லாம் எண்ணெய் நாலு வெடியில் பிதுங்கி ஓடிவிடும். பல் குத்தும் குச்சி நுனியில் கடுகளவு கிரீஸ் எடுத்துத் தடவி, அதிகப்பட்டதை வழித்துவிடுங்கள். ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதுசு. பழையதன் மேலேயே பூசினால் அதில் மணலும் எரியாத வெடிமருந்தும் கலந்து உப்புத்தாள் வேலை செய்யும்.

கேள்வி (மதுரை): ஒவ்வொரு நாளும் பேரலைக் கழுவ வேண்டுமா, மாதம் ஒருமுறை போதுமா?

பதில்: சுட்ட அன்றைக்கே, பத்து நிமிடம் போதும். தோட்டா போடும் பக்கத்திலிருந்து வெண்கல பிரஷ், சால்வென்ட் நனைத்த துணி, பிறகு வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை, கடைசியில் எண்ணெய் தொட்ட துணி ஒன்று. தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கப் உரசிப் போவதால், அறை முடிந்து பேரல் குறுகும் இடத்திலும் வாய்ப்பக்கம் சோக்கிலும் (பேரல் வாயைக் குறுக்கும் பகுதி) பிளாஸ்டிக் படிவு பட்டையாக ஒட்டும். அந்த இரண்டு இடத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தேயுங்கள். கழற்றும் சோக்காக இருந்தால் அன்றே கழற்றி, மரையைத் துடைத்து, மரைக்கான கிரீஸ் தடவிப் போடுங்கள். ஆறு மாதம் விட்டால் அது கழலாது, கழற்ற நீங்கள் போடும் பலத்தில் பேரலின் வாய்தான் போகும். சோக் இல்லாமல் ஒரு வெடிகூட வேண்டாம், மரை பாழாகும். மறுநாள் சுடும் முன் பேரலில் இருக்கும் எண்ணெயை ஒரு காய்ந்த துணி விட்டு எடுத்துவிடுங்கள்.

கேள்வி (சர்ரே, இங்கிலாந்து): அண்ணா, பிஸ்லியில் மழையில் சுட்டேன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து துப்பாக்கியை மூடவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. "டைட்டான துப்பாக்கி நல்ல துப்பாக்கி" என்று கிளப்பில் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, போன மாதம் லேசாக மூடியது இந்த மாதம் இறுகினால் அது டைட் அல்ல, அழுக்கு. பேரலின் பின்முனையில் தோட்டாவைத் தூக்கிவிடும் எஜெக்டர் துண்டுகள் இரண்டு இருக்கிறதே, அவற்றை வெளியே இழுத்து அடியில் பாருங்கள். எரியாத மருந்துத் துணுக்கு மிளகுத்தூள் மாதிரி அப்பியிருக்கும், மழை ஈரத்தில் அது கெட்டியாகி எஜெக்டர் முழுதாக உட்காராமல் ஒரு நூலளவு தூக்கி நிற்கிறது. அந்த நூலளவுதான் உங்களோடு மல்லுக்கட்டுகிறது. பழைய டூத் பிரஷ், சால்வென்ட், குச்சி. பத்து நிமிடத்தில் பழையபடி மூடும். மூடவில்லை என்றால் மட்டும் பட்டறைக்குப் போங்கள். முழங்காலில் வைத்து அடித்து மூடுவது மட்டும் வேண்டாம்.

மழையில் நனைந்தால் அன்றே மூன்றாகக் கழற்றி, துடைத்து, சாதாரண அறை வெப்பத்தில் ஓர் இரவு காயவிடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், மரம் கோணும். ரிப்பின் தூண்களுக்கு இடையில் தேங்கும் தண்ணீரை எல்லாரும் மறப்பார்கள். அங்கே பைப் கிளீனர் விட்டுத் துடைத்தால்தான் போகும்.

கேள்வி (புதுக்கோட்டை): பாரிஸ் ஒலிம்பிக்கில் எங்கள் ஊர் பிருத்விராஜ் தொண்டைமானைப் பார்த்து எனக்கும் ட்ராப் பைத்தியம் பிடித்தது. என் துப்பாக்கியில் இரண்டாவது பேரல் அடிக்கடி "டிக்" என்கிறது, வெடிக்கவில்லை. தோட்டா குறையா, துப்பாக்கிக் குறையா?

பதில்: நல்ல பைத்தியம்தான், இருக்கட்டும். "டிக்" என்றால் உடனே திறக்காதீர்கள். வாயைத் திடல் பக்கமே நீட்டியபடி அரை நிமிடம் நில்லுங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

பிறகு வெளியே எடுத்து அதன் பின்பக்கக் கேப்பில் விழுந்திருக்கும் குழியைப் பாருங்கள். முதல் பேரலில் வெடித்த தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு குழியும் ஒரே ஆழம் என்றால் தோட்டாதான் குற்றவாளி. வெடிக்காததில் குழி மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கிதான். அதிலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் எண்ணெயை. ஃபயரிங் பின் (கேப்பைக் குத்தும் ஊசி) ஓட்டையில் எண்ணெய் கெட்டியாகி, ஊசி சோம்பலாகப் போய்க் குத்துகிறது. சால்வென்ட் விட்டுக் கழுவி, காயவிட்டு, எண்ணெய் போடாமலே ஒரு நாள் சுட்டுப் பாருங்கள். பலருக்குப் பிரச்சினை அங்கேயே முடியும். முடியவில்லை என்றால் ஊசி நுனி தேய்ந்திருக்கலாம், ஊசியைத் திரும்ப இழுக்கும் குட்டி ஸ்ப்ரிங் ஒடிந்திருக்கலாம், அல்லது ஹேமர் ஸ்ப்ரிங் சோர்ந்திருக்கலாம்.

ஸ்ப்ரிங்கில் இரண்டு ஜாதி. வி வடிவப் பட்டை ஸ்ப்ரிங் ஒன்று, சுருள் ஸ்ப்ரிங் ஒன்று. பட்டை ஸ்ப்ரிங் போட்ட ட்ரிகர் கையில் வெண்ணெய் மாதிரி இருக்கும், அதற்காகவே எம்எக்ஸ்8-ஐ விடாதவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். ஆனால் அது உடைகிற நாளில் அறிவிப்பே இல்லாமல் இரண்டாகப் போகும். சுருள் ஸ்ப்ரிங் நடுவில் ஒடிந்தாலும் சமாளித்துக்கொண்டே சுடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு முறை டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சில் கடைசி ரவுண்டு, இன்னும் ஏழு தட்டு பாக்கி. முதல் வெடி தவறிவிட்டது, இரண்டாவதுக்கு விரலை இழுத்தால் உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் பையில் இன்னொரு ட்ரிகர் குரூப் இருந்தது. துப்பாக்கியைக் காலி செய்து, சேஃப்டியை முன்னால் முழுக்கத் தள்ளி, ட்ரிகர் கார்டைப் பிடித்து இழுத்தால் மொத்த யந்திரமும் கைக்கு வந்துவிடும், மாற்றிப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்றவருக்கு வேர்த்த அளவுகூட எனக்கு வேர்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ரவுண்டை முடித்தேன். பெரெட்டாவின் டிடி11-இலும் இதே மாதிரி கழற்றும் வசதி இருக்கிறது. இந்த ரகம் வைத்திருப்பவர்கள் இன்னொரு குரூப் வாங்க முடியாவிட்டாலும், ஸ்ப்ரிங் ஒரு செட்டும் ஃபயரிங் பின் ஒரு செட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்த குரூப்பைக் கையில் வைத்துக்கொண்டு விசையை இழுத்து விளையாடாதீர்கள். ஹேமரைத் தாங்க எதிரே ஒன்றும் இல்லை, அது ஓடிவந்து மோதுகிற இடம் சிதையும். பெட்ரோலும் பிரஷும் போட்டுக் கழுவி, காயவைத்து, ஒவ்வொரு அச்சிலும் ஊசி முனையில் ஒரு சொட்டு. அதைப் பிரித்துப் போடும் வேலை உங்களுடையது அல்ல.

"டிக்" ஒரு பிரச்சினை என்றால் "புஸ்" அதைவிடப் பெரியது. வழக்கமான சத்தம் இல்லாமல் மந்தமாக வெடித்தால், அடுத்த தட்டைக் கூப்பிடாமல் நிறுத்தி, திறந்து, காலி செய்து, பேரல் வழியாக வானம் தெரிகிறதா என்று பாருங்கள். கப் உள்ளேயே சிக்கியிருக்கும்போது அடுத்த வெடி போட்டால் பேரல் பிளக்கும், பிடித்திருக்கும் கையும் அங்கேதான் இருக்கிறது. நான் மேலே சொன்ன உப்பல் பேரல்கள் எல்லாம் இப்படி வந்தவைதான்.

கேள்வி (சேலம்): பேரலின் கறுப்பு நிறம் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. எங்கள் ஊரில் ஒருவர் குறைந்த செலவில் ஒரே நாளில் புளூயிங் போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரே நாளில் என்றால் அது கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கி எடுக்கும் வேலை. ஒற்றைக் குழல் ரைஃபிளுக்குச் சரி. உங்களுடையது இரண்டு குழலையும் ரிப்பையும் ஈயப்பற்று வைத்து ஒட்டியது. அந்தக் காரம் ஈயப்பற்றைத் தின்றுவிடும், தின்ற இடத்தில் புகுந்த உப்பு உள்ளேயே உட்கார்ந்து பல மாதம் கழித்துத் துருவாக வழியும். வெளியே மை மாதிரி பளபளக்கும், தட்டிப் பார்த்தால் உடைந்த பானைச் சத்தம். இப்படிப்பட்ட பேரலுக்குச் செய்ய வேண்டியது மெதுவாகத் துருப்பிடிக்க வைத்து, வெந்நீரில் கொதிக்க வைத்து, துலக்கி, மறுபடி துருப்பிடிக்க வைத்து என்று நாள்கணக்கில் போகும் பழைய முறை. அது தெரிந்தவர் கிடைக்கும்வரை வெள்ளையாகவே இருக்கட்டும். எண்ணெய்த் துணி போதும், தட்டுக்குப் பேரலின் நிறம் தெரியாது.

கேள்வி (ஈரோடு): ஸ்டாக்கில் கீறல். வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த ரக ஸ்டாக் பெரும்பாலும் எண்ணெய் ஃபினிஷ். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஒரே சொட்டு, உள்ளங்கை சூடாகும்வரை தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு, இன்னொரு சொட்டு. கீறல் போகாது, கண்ணில் உறுத்தாமல் அடங்கும்.

கேள்வி (சென்னை): வருடா வருடம் சர்வீஸ் தேவையா? நம் ஊரில் எங்கே கொடுப்பது?

பதில்: வருடத்தை விடுங்கள், தோட்டாவைக் கணக்குப் போடுங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு ரவுண்டு என்றால் நூறு தட்டு. ட்ராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி அனுமதி என்பதால் நூற்று முப்பது தோட்டா ஆகும், வருடத்துக்கு இருபதாயிரம். அப்படிச் சுடுகிறவர் வருடம் ஒருமுறை கட்டாயம் பிரித்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும். மாதம் இருமுறை போகிறவர் மூன்று வருடம் விட்டாலும் ஒன்றும் ஆகாது. பை உறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து எத்தனை சுட்டோம், எந்த ஸ்ப்ரிங் எப்போது மாற்றினோம் என்று எழுதுங்கள். கன்ஸ்மித்துக்கு உங்கள் பேச்சைவிட அந்த நோட்டு உதவும்.

எங்கே என்பதுதான் சிக்கல். துப்பாக்கி ரிப்பேருக்கே லைசென்ஸ் வேண்டும். ஆயுதச் சட்டப்படி அது இல்லாதவர் கையில் கொடுப்பது உங்களுக்கும் அவருக்கும் ஆபத்து, லேத் பட்டறை நண்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திலும் உங்கள் மாடலை முன்பு பிரித்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் மேசையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர்களையும் ஒரு பார்வை பாருங்கள். பிளவுக்கு ஏற்ற மாதிரி முனையைத் தீட்டி வைத்திருப்பவர் என்றால் உட்கார்ந்து டீ குடிக்கலாம். சர்வதேசப் போட்டிக்குப் போகும் நம் ஷூட்டர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. உலகக் கோப்பைகளுக்குப் பெரிய கம்பெனிகளின் டெக்னீஷியன்களே வந்துவிடுவார்கள். இத்தாலியில் லொனாட்டோவில் போட்டி என்றால் பிரெஷா பக்கத்தில்தான் இருக்கிறது, தொழிற்சாலைக்கே கொண்டுபோய்விடலாம். அப்படிப் போகிறவர் கையில் ஸ்ப்ரிங்கும் பின்னும் சொல்லிவிடுவதுதான் நம்மில் பலருடைய சர்வீஸ் நெட்வொர்க்!

கேள்வி (தஞ்சாவூர்): ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கச் சொல்கிறார் அம்மா. வைக்கலாமா சார்?

பதில்: அம்மா சொன்னால் வைக்க வேண்டியதுதான், எங்கே வைப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது, குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும். இரண்டும் சேர்ந்து ஓர் இரவு பேரல் மேல் இருந்தால் மறுநாள் துடைக்கும்போது அடியில் வட்டமாகத் துரு நிற்கும், எண்ணெய் ஃபினிஷ் மரத்தில் பட்டால் சிவப்பு போகவே போகாது. எங்கள் வீட்டில் பொட்டு வைப்பது துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்கும் கிளீனிங் ராடின் மரக்கைப்பிடிக்கும். துப்பாக்கி திறந்த நிலையில் பக்கத்தில் ஒரு வேட்டி மேல் இருக்கும், தோட்டா வேறு அறையில் பூட்டி இருக்கும், குழந்தைகள் சுண்டல் வாங்க வருவதற்குள் பூஜையை முடித்து அலமாரிக்குள் போய்விடும். பாட்டி ஒரு வருடம் எனக்குத் தெரியாமல் ஸ்டாக்கிலேயே ஒரு பொட்டு வைத்துவிட்டார். இன்னும் இருக்கிறது. அதை எடுக்க நான் முயற்சி செய்யவில்லை.